சகவாச தோஷம்

தான் புழக்கத்தில் விட்ட சொல்லே தன்னை விழுங்கிவிடுவது விமர்சகனுக்கு நேரக்கூடிய விபத்துகளில் ஒன்று. வேய்ன் ஸி. பூத்துக்கு அது நேர்ந்தது. ‘நம்பத்தகாத கதைசொல்லி’ என்ற தொடர் இன்று சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்களிடம்கூடச் சரளமாகப் புழங்குகிறது. 1961-ல் அதை அச்சில் வைத்த மனிதர் எதற்காக அதை உண்டாக்கினார், அதன் பின்னால் என்ன தவிப்பு இருந்தது என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. தவிப்பு என்றுதான் சொல்லவேண்டும். கதை சொல்வது ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் செய்யும் காரியம். காரியம் என்று வந்துவிட்டால் அதில் நல்லது பொல்லாதது உண்டு. இந்த எண்ணத்தில் புதுமை ஏதும் இல்லை. நம் பாட்டிமார்கள் அறிந்த விஷயம். ஆனால் இதைச் சொல்வதே இலக்கிய அறியாமையின் அடையாளம் என்று பல்கலைக்கழகங்களும் சிறுபத்திரிகைகளும் ஒருசேரத் தீர்மானித்திருந்த காலத்தில், நாற்பது வருஷங்களுக்கு மேல், கூச்சத்தோடும் பிடிவாதத்தோடும் பூத் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி எழுத எனக்குச் சொந்தமாக ஒரு காரணம் இருக்கிறது. அது போகப்போக வரும்.

பூத் பிறந்தது 1921-ல், அமெரிக்காவின் யூடா மாநிலத்தில், அமெரிக்கன் ஃபோர்க் என்ற சிற்றூரில், மார்மன் மத நம்பிக்கை ஊறிய குடும்பத்தில். சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். மார்மன் இளைஞர்களின் வழக்கப்படி மதப் பிரசாரகராகச் சிலகாலம் இருந்திருக்கிறார். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில் ராணுவம். பிறகு சிகாகோ பல்கலைக்கழகம். 1950-ல் டாக்டர் பட்டம். ஆய்வுப் பொருள் லாரன்ஸ் ஸ்டெர்னின் ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’யும், அதற்கு முந்திய நூல்களில் தன்னைப்பற்றிய பிரக்ஞையோடு பேசும் கதைசொல்லியும். அப்போது சிகாகோவில் ஆர். எஸ். க்ரேன் முதலானவர்கள் அரிஸ்டாட்டிலைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்கள். கவிதையைச் சொற்களின் முரண் விளையாட்டாகப் பார்த்த அன்றைய ‘புது விமர்சன’த்துக்கு மாறாக, ஒரு படைப்பு முழுசாக என்ன காரியத்தைச் செய்ய அமைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டவர்கள் அவர்கள். பூத் அந்தப் பள்ளியின் பிள்ளை. அதன்பின் ஹேவர்ஃபோர்ட், எர்ல்ஹம் என்ற இரண்டு சிறு கல்லூரிகளில் பன்னிரண்டு வருஷம் ஆசிரியர் வேலை. இரண்டுமே க்வேக்கர் சபையினர் நிறுவியவை. பிரசாரகனுக்கும் இலக்கிய ஆசிரியனுக்கும் இடையே உள்ள தூரம் அவர் வாழ்க்கையில் அதிகமில்லை. குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. கதவைத் தட்டி நின்று பழகியவனுக்குத்தான் எதிரே நிற்கிறவன் முகம் எப்போது சுளிக்கிறது என்பது தெரியும்.

1961-ல் வந்த அவருடைய முதல் பெரிய நூலின் தலைப்பைப் ‘புனைகதையின் சொல்வன்மை’ என்று தமிழாக்கலாம் என்று எனக்குப் படுகிறது. அணி, அலங்காரம் என்றெல்லாம் சொன்னால் அர்த்தம் ஓடிவிடும். குறளில் சொல்வன்மை அமைச்சனுக்கு உரிய குணமாக வைக்கப்பட்டிருக்கிறது. கேட்பவனைத் தன்வசப்படுத்தும் திறன் அது. பூத் அந்தப் பொருளில்தான் பேசுகிறார். நாவலாசிரியன் எதைச் செய்தாலும், ஒன்றும் செய்யாததுபோல் பாவனை பண்ணினாலும், வாசகனை ஓரிடத்தில் கொண்டு நிறுத்தத்தான் பார்க்கிறான்.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய மீறல் என்பதை இன்று உணர்வது கஷ்டம். ஹென்றி ஜேம்ஸின் நுட்பங்களை அவருக்குப் பின் வந்தவர்கள் சட்டமாக்கியிருந்தார்கள். பெர்ஸி லப்பக்கின் ‘புனைகதைக் கலை’ வந்த வருஷமும் 1921 தான், பூத் பிறந்த வருஷம். சொல்லாதே, காட்டு, ஆசிரியன் மேடையில் தலைகாட்டக் கூடாது, உண்மையான கலை வாசகனைப் பொருட்படுத்தாது, வாசகனின் கண்ணீரும் சிரிப்பும் கலையின் தூய்மையைக் கெடுப்பவை. இப்படியாகச் சில கட்டளைகள். பூத் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக்கொண்டு, பைபிளின் யோபு கதை, பொக்காச்சியோ, ஃபீல்டிங், ஆஸ்டின், ஜேம்ஸ், ஜாய்ஸ் என்று நூற்றுக்கணக்கான உதாரணங்களோடு உரசிப் பார்க்கிறார். யோபு உத்தமன் என்று கதையின் முதல் வரியிலேயே ஆசிரியன் சொல்லிவிடுகிறான். நிஜ வாழ்க்கையில் எந்த மனிதனைப்பற்றியும் இவ்வளவு நிச்சயமான தகவல் நமக்குக் கிடைப்பதில்லை. ஆனாலும் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொள்கிறோம். ஏற்றுக்கொள்ளாவிட்டால் அந்தக் கதையே இல்லை. காட்டுவது என்பதும் சொல்வதன் ஒரு வகைதான், எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுத்தவன் அங்கே ஏற்கெனவே பேசிவிட்டான் என்று பூத் முடிவுகட்டும்போது, லப்பக்கின் கட்டடத்தில் அஸ்திவாரக் கல் ஒன்று உருவப்பட்டுவிடுகிறது.

இதைப் படிக்கும் தமிழ் வாசகனுக்கு ஒரு வினோத அனுபவம் காத்திருக்கிறது. பூத்தின் நூல் வந்த அதே காலத்தில்தான் இங்கே ‘எழுத்து’ பத்திரிகையில் சி. சு. செல்லப்பா உத்தி, உருவம், அலசல் என்று விமர்சனத்துக்கு ஒரு பாஷையையே தயார் செய்துகொண்டிருந்தார். ஆசிரியர் குறுக்கீடு என்றாலே கலைக்குறை என்ற எண்ணம் அந்தக் காற்றோடு நமக்குள்ளும் வந்து தங்கிவிட்டது. அது இன்னும் போகவில்லை. ஆனால் நம் மரபோ இரண்டையும் அறிந்தது. அகப்பாட்டில் கவி தன் குரலில் பேசுவதே கிடையாது. தலைவி, தோழி, செவிலி என்று யார் யாருக்குக் கூற்று உண்டு, எந்த இடத்தில் உண்டு என்று தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கடைசிக் காதையிலோ இளங்கோ தானே உள்ளே வந்து நிற்கிறார். வந்ததோடு நிற்காமல் கேட்பவர்களுக்கு அறமும் சொல்கிறார். லப்பக் கட்சியினர் கையில் கத்திரி இருந்தால் அந்தப் பகுதி முதலில் போயிருக்கும். புதுமைப்பித்தனின் ‘பொன்னகர’த்தில் கதை முடிகிற இடத்தில் ஆசிரியர் வாசகன் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்கிறார். அதைக் கலைக்குறை என்று சொல்லிக்கொண்டே அந்த வரியை மனப்பாடமாக ஒப்பிக்கிற விமர்சகர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பூத் கொடுத்த இரண்டாவது சொல்தான் நம்பத்தகாத கதைசொல்லியைவிட முக்கியமானது. எழுதும் மனிதன் ஒருவன். கதையைச் சொல்லும் குரல் ஒன்று. இரண்டுக்கும் நடுவே, பிரதி முழுவதையும் படித்தபின் நமக்குள் உருவாகும் ஒரு ஆள் இருக்கிறான். இன்னின்னதை மதிப்பவன், இன்னின்னதைச் சகிக்காதவன், இத்தனை தூரம் புத்திசாலி, இத்தனை தூரம் கருணையுள்ளவன் என்று நாம் அறிந்துகொள்ளும் ஆள். இவனை உட்கிடை ஆசிரியன் என்று வைத்துக்கொள்வோம். (உள்ளுறை என்றால் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் அந்தச் சொல்லுக்கு நம் இலக்கணத்தில் வேறு உத்தியோகம் இருக்கிறது.) கதைசொல்லி சொல்வதற்கும் இந்த ஆசிரியன் மதிப்பதற்கும் இடையே விரிசல் தெரியும்போதுதான் கதைசொல்லி நம்பத்தகாதவன் ஆகிறான். அதாவது யாரோ ஒருவன் நம்பத்தக்கவனாகப் பின்னால் இருந்தால்தான் இந்த ஆட்டமே நடக்கும். பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர் ழெனெத் இந்த நடு ஆள் தேவையே இல்லை என்றார். எழுதியவன் ஒருவன், சொல்லும் குரல் ஒன்று, போதும் என்பது அவர் கணக்கு. சிக்கனம் என்ற அளவில் அது சரி. ஆனால் ஒரு நாவலை மூடிவைத்த பிறகு, இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை என்று நாம் சொல்கிறோமே, அப்போது யாரைச் சொல்கிறோம்? எழுதியவரை நாம் பார்த்ததில்லை. கதைசொல்லியோ வெறும் பாத்திரம். பூத்தின் நடு ஆள் அந்தக் கேள்விக்குப் பதிலாக நிற்கிறான், கோட்பாட்டுச் சிக்கனத்துக்கு அவன் இடைஞ்சலாக இருந்தாலும்.

நூலின் நடுவில் ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வைப் பற்றி ஒரு அத்தியாயம் வருகிறது. குறைகள் மலிந்த, பிறர் வாழ்க்கையில் விரலைவிட்டு ஆட்டும் ஒரு பெண்ணை, கதையின் பெரும்பகுதியை அவள் கண்வழியே காட்டுவதன் மூலமே நாம் வெறுக்காதபடி ஆஸ்டின் பார்த்துக்கொள்கிறார் என்பது அதன் சாரம். நம்மை ஒருவர் மனசுக்குள் உட்காரவைத்துவிட்டால் அவருக்குப் பரிந்து பேசத் தொடங்கிவிடுவோம். எளிமையான அவதானிப்பு, ஆனால் பூத்தின் பயங்கள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. எம்மாவுக்கு இது நடந்தால் சரி. ஒரு கொலைகாரனுக்கும் நடக்குமல்லவா? கடைசி அத்தியாயத்தில் அவர் செலினையும் ராப்-கிரியேவையும் எடுத்துக்கொண்டு, ஆசிரியன் ஒளிந்துகொண்டு விகாரமான ஒரு மனசுக்குள் நம்மை அடைத்துப் பூட்டிவிடுவதன் தார்மீகத்தைக் கேள்வி கேட்கிறார்.

அந்த அத்தியாயம் எனக்கு ஒப்பவில்லை. நான் படித்த நூலகப் பிரதியில் அந்தப் பக்கங்களின் ஓரத்தில் யாரோ பென்சிலால் ‘இல்லை, இல்லை’ என்று தமிழில் எழுதிவைத்திருந்தார்கள். முகம் தெரியாத அந்த ஆளோடு நான் ஒத்துப்போகிறேன். செலினின் கசப்புக்குள் அடைபட்டுக் கிடக்கும்போது வாசகன் சும்மா இருப்பதில்லை. மூச்சுமுட்டுகிறான், திமிறுகிறான். அந்தத் திமிறலே ஒரு தார்மீக அனுபவம். வழிகாட்டிப் பலகை வைத்துத்தான் ஆகவேண்டும் என்று பூத் எதிர்பார்க்கும் இடத்தில் பழைய பிரசாரகர் எட்டிப்பார்க்கிறார். ஆனால் ஒன்று. அந்த அத்தியாயத்துக்காக அவரைப் பலரும் அறநெறி வாத்தியார் என்று பரிகசித்தார்கள். பரிகசித்தவர்களில் எத்தனை பேர் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்கள்?

1962-ல் பூத் சிகாகோவுக்குப் பேராசிரியராகத் திரும்பினார். 1964 முதல் 1969 வரை அங்கே இளங்கலைக் கல்லூரியின் டீன். வியட்நாம் யுத்தக் காலம். 1969-ன் தொடக்கத்தில் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டு தரப்பும் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்காமல் கத்திக்கொண்டிருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தார். அதே வருஷம் பதினெட்டு வயது மகனை ஒரு கார் விபத்தில் பறிகொடுத்தார். 1974-ல் வந்த ‘நவீன மூடநம்பிக்கையும் இசைவின் சொல்வன்மையும்’ என்ற நூல் அந்த வருஷங்களின் பிரசவம். நிரூபிக்கப்படாத எதையும் சந்தேகிக்கவேண்டும் என்பது நவீன மனிதனின் வேதவாக்கு. சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை இன்னொருவன் சொல்வதற்கு இசைந்துகொடு என்று பூத் அதைத் தலைகீழாக்கினார். தத்துவமாகப் பார்த்தால் ஓட்டைகள் உள்ள வாதம்தான். ஆனால் கதை கேட்பவன் எல்லாரும் செய்வது இதைத்தானே. ஒரு ஊரிலே ஒரு ராஜா என்றவுடன் எந்த ஊர், ஆதாரம் என்ன என்று கேட்பவனுக்குக் கதை கிடையாது.

இனி பால் மோஸஸ். பூத்தின் வாழ்க்கையிலும் என் கட்டுரையிலும் முக்கியமான மனிதர் இவர்தான்.

1960களின் ஆரம்பத்தில் சிகாகோவில் முதலாண்டு மாணவர்களுக்கான இலக்கிய வகுப்பை ஒரு குழுவாகப் பல ஆசிரியர்கள் நடத்தினார்கள். பாடப் பட்டியலில் மார்க் ட்வெய்னின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ பல வருஷங்களாக இருந்துவந்தது. பட்டியலைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில், குழுவிலிருந்த கறுப்பின இளம் ஆசிரியர், கலைத்துறையைச் சேர்ந்த பால் மோஸஸ், தன்னால் அந்த நாவலை இனி நடத்த முடியாது என்று சொன்னார். ஜிம் என்ற அடிமையை அந்த நூல் வைத்திருக்கும் விதம், வெள்ளையரின் தயவுக்குக் கறுப்பர்கள் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பது பற்றிய அதன் எண்ணங்கள், இவை தனக்கு ஆத்திரத்தை உண்டாக்குகின்றன. வெள்ளை மாணவர்களுக்கும் கறுப்பு மாணவர்களுக்கும் அது கெடுதல் செய்கிறது என்றார். மற்றவர்கள் திகைத்துப்போனார்கள். அவர்மேல் பரிதாபப்பட்டார்கள் என்பது இன்னும் மோசம். பாவம், புறவயமாக வாசிக்கத் தெரியவில்லை, இலக்கியத்தை இலக்கியமாகப் பார்க்கும் பயிற்சி போதவில்லை. அந்தப் பரிதாபத்தில் பூத்தும் ஒருவர். ட்வெய்ன் அடிமை முறைக்கு எதிரானவர், நாவலே நிறவெறிக்கு எதிரானது என்று மோஸஸுக்கு எடுத்துச்சொல்லிப் பார்த்தார்கள், அவர் அசையவில்லை.

மோஸஸ் 1966-ல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். ஆனால் அந்தக் கூட்டம் பூத்துக்குள் முடியவில்லை. 1988-ல் வெளிவந்த ‘நாம் வைத்துக்கொள்ளும் சகவாசம்’ என்ற பெரிய நூலை அவர் மோஸஸ் கதையோடுதான் ஆரம்பிக்கிறார். கால் நூற்றாண்டு! ஒரு மனிதர் ஒரு கூட்டத்தில் சொன்ன மறுப்புக்கு இத்தனை வருஷம் கழித்து ஐந்நூறு பக்கங்களில் பதில் எழுதிய வேறு விமர்சகரை எனக்குத் தெரியாது. மோஸஸ் செய்தது இலக்கிய விமர்சனம்தான், அதுவும் முறையான விமர்சனம் என்பதை ஒப்புக்கொள்வது அந்த நூலின் முதல் வேலை. கடைசி அத்தியாயத்தில் ஹக்கிள்பெரி ஃபின்னைத் திரும்ப எடுத்துப் படிக்கிறார். ஜிம் ஏற்கெனவே விடுதலை பெற்றுவிட்டான் என்பது டாம் சாயருக்குத் தெரியும். தெரிந்தும் அவனை அடைத்துவைத்துச் சாகஸ விளையாட்டு விளையாடுகிறான். அந்தக் கடைசிப் பகுதியில் முன்பு தான் அனுபவித்த சிரிப்பு பூத்துக்கு இப்போது வரவில்லை. ஆனாலும் நாவலை அவர் தூக்கி எறிந்துவிடவும் இல்லை. நேசிப்பும் வழக்கும் ஒன்றாக இருக்கமுடியும் என்ற இடத்தில் நிற்கிறார். மோஸஸ் உயிரோடு இருந்திருந்தால் இதை ஏற்றுக்கொண்டிருப்பாரா என்பது வேறு விஷயம். எனக்குச் சந்தேகம்தான்.

நான் ஆரம்பத்தில் சொன்ன காரணம் இங்கே வருகிறது. என் நண்பர் ஒருவர் தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்றாக நான் கருதும் நூலை நூறு பக்கத்தோடு மூடிவைத்தவர். நாவலின் பெயர் இங்கே வேண்டாம். அதில் ஒரு கிழட்டுப் பண்ணையாள் வருகிறான். வாசலுக்கு வெளியே கைகட்டி நிற்கிறான், வீட்டுக் குழந்தைகளுக்காக உருகுகிறான், சாகும்போதுகூட அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு சாகிறான். அபாரமாக எழுதப்பட்ட பக்கங்கள். நண்பர் சொன்னார்: “அந்த வாசல்ல நிக்கிறது எங்க தாத்தாங்க. உங்க ஆளு அவரை ரொம்ப அன்பாத்தான் எழுதியிருக்கார். அந்த அன்புதான் எனக்கு வேண்டாம்.” பண்ணையாளின் விசுவாசத்துக்குப் பின்னால் ஆசிரியர் வைத்திருக்கும் நுட்பமான எள்ளல், அந்த வீடே சிதைந்துபோவதைக் காட்டும் பிற்பகுதி இவற்றையெல்லாம் நான் சொன்னேன். “சரிங்க, நீங்க சொல்ற மாதிரியே இருக்கட்டும். அதை வந்து பாக்கறதுக்கு நான் இன்னும் இருநூறு பக்கம் வாசல்ல நிக்கணுமே” என்றார்.

இந்தப் பேச்சு நடந்து பல வருஷங்கள் ஆகின்றன. அவர் அந்த நாவலை இன்றுவரை முடிக்கவில்லை. நான் அதை இன்றும் நேசிக்கிறேன், அவரிடம் அதைச் சொல்லவும் செய்கிறேன். ஆனால் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது இப்போது நான் தனியாக இல்லை. வாசலில் நிற்பவன் பக்கத்தில் இன்னொருவர் நின்று என்னைப் பார்க்கிறார். வாக்கியங்கள் மாறவில்லை, அவற்றின் அழகும் குறையவில்லை. அந்த அழகு யாருக்காகத் தயாரிக்கப்பட்டது என்ற கேள்வி மட்டும் கூட ஒட்டிக்கொண்டிருக்கிறது. உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரித்துவைத்து இதைச் சமாளிக்க முடியாது. அன்பே உருவத்தில்தான் இருக்கிறது.

இப்படி நடப்பதற்கு பூத் ஒரு சொல்லை உண்டாக்கினார். லத்தீனிலிருந்து வேர்களை எடுத்து அவரே ஒட்டவைத்த சொல் அது. ‘கூடித் தேர்தல்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். ஒரு நூலைப் பற்றிய தீர்ப்பை நாம் தர்க்கத்தில் முன்முடிவுகளிலிருந்து இறக்கிக்கொள்வதில்லை. சோதனைச்சாலையில்போல உதாரணங்களிலிருந்து ஏற்றிக்கொள்வதுமில்லை. படிக்கிறோம், நமக்குத் தெரிந்த மற்ற கதைகளோடு வைத்துப் பார்க்கிறோம், இன்னொருவரிடம் சொல்கிறோம், அவர் மறுக்கிறார், திரும்பப் படிக்கிறோம். தீர்ப்பு கொஞ்சம் நகர்கிறது. அந்த நகர்வுக்கு முடிவு இல்லை. இதில் ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தகவல் அல்ல, வாசிப்பின் ஒரு பகுதியே அதுதான். புத்தகங்களை நண்பர்களாகப் பாவிக்கும் பழைய உருவகத்தையும் அவர் தூசிதட்டி எடுத்தார். உபயோகத்துக்கான நட்பு, சந்தோஷத்துக்கான நட்பு, நற்குணத்துக்கான நட்பு என்று அரிஸ்டாட்டில் பிரித்ததை வைத்துக்கொண்டு, இந்தப் புத்தகம் தன்னோடு இருக்கும் நேரத்தில் என்னை எப்படிப்பட்ட ஆளாக்குகிறது, நான் எதை ஆசைப்படும்படி செய்கிறது என்று கேட்கச்சொன்னார். நம்மிடம் சகவாச தோஷம் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த வார்த்தையில் பயம் மட்டும்தான் இருக்கிறது, பூத்தின் சகவாசத்தில் ஆசையும் உண்டு.

இந்த நட்பு உருவகத்தில் கொஞ்சம் மத்தியதர வர்க்கத்து வரவேற்பறை வாசனை அடிக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். நண்பர்களாக இருக்கவே சம்மதிக்காத புத்தகங்கள் உண்டு. அவை சண்டைக்கு வந்தவை. அவற்றை உட்காரவைத்து உபசரித்துக் குணம் பார்ப்பது அவற்றை அவமதிப்பதாகும். தாஸ்தாயெவ்ஸ்கியின் நிலவறை மனிதன் யாருடைய நண்பன்? பூத்துக்கு இது தெரியாததல்ல. பக்தினின் தாஸ்தாயெவ்ஸ்கி நூல் 1984-ல் புது ஆங்கில மொழிபெயர்ப்பில் வந்தபோது முன்னுரை எழுதியவர் அவரே. தனக்கு மேலான குரல் ஒன்றின் கட்டுப்பாட்டில் இல்லாத பல குரல்கள் என்ற பக்தினின் எண்ணம் தன் கோட்பாட்டுக்கு வைத்த சவால் என்பதை அவர் வெளிப்படையாக எடுத்துக்கொண்டார். ஆனால் உருவகத்தை மட்டும் கைவிடவில்லை.

அவர்மேல் எனக்கு மரியாதையை உண்டாக்கியது ராபலே பற்றி எழுதியதுதான். பனூர்ஜ் என்ற பாத்திரம் தன்னை நிராகரித்த பாரிஸ் நகரச் சீமாட்டி ஒருத்தியை ஆபாசமான தந்திரத்தால் தெருவில் அவமானப்படுத்தும் பகுதி. வாலிபத்தில் அதைப் படித்து பூத் வயிறு குலுங்கச் சிரித்தாராம். பிறகு ராபலேயை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். தன் அளவுக்கு அவளும் குதூகலிக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்போடு. பெண்ணிய விமர்சனத்தைப் படித்தபின், அந்தச் சிரிப்புக்கு யாரை அழைத்தார்கள், யாரைக் கூப்பிடவே இல்லை என்பது அவருக்கு உறைக்கிறது. இப்போது படித்தால் சிரிப்பு பாதியில் நின்று யோசனை வந்துவிடுகிறது என்கிறார். இதில் அவர் நஷ்டத்தை மறைக்கவில்லை. சிரிப்பு போனது நஷ்டம்தான். அறவிமர்சனம் செய்பவர்கள் வழக்கமாகத் தாங்கள் இழந்ததைப் பற்றிப் பேசுவதில்லை; எப்போதுமே தெளிவாக இருந்தவர்கள்போல் எழுதுவார்கள்.

இதே நூலில் பாசாங்கு பற்றி வரும் பகுதியும் அபூர்வமானது. பாசாங்குக்காரனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலத்துக்கு நடிகன் என்றுதான் பொருள். நல்லவனாக நடிக்கிறவன் நடித்து நடித்தே கொஞ்சம் நல்லவனாகவும் ஆகிவிடுகிறான் என்று பூத் நம்பினார். மேல்நோக்கிய பாசாங்கு, கீழ்நோக்கிய பாசாங்கு என்று பிரித்தார். கதை படிக்கும்போது நாம் போட்டுப்பார்க்கும் வேஷங்கள் நம் முகத்தில் ஒட்டிக்கொள்கின்றன; அதனால்தான் எந்த வேஷம் என்பது முக்கியம். கூத்துக் கட்டுகிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். அரிதாரத்தைக் கழுவின பிறகும் சிலர் கொஞ்ச நேரம் ராஜாவாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

1997-ல் ரிச்சர்ட் போஸ்னர் என்ற நீதிபதி அறவிமர்சனத்தையே எதிர்த்து ஒரு கட்டுரை எழுதினார். மார்த்தா நஸ்பாமும் பூத்தும் அதில் குறி. இலக்கியம் படித்தவர்கள் மற்றவர்களைவிட நல்லவர்களாக இருப்பதாகத் தெரியவில்லை. புத்தகத்தின் தார்மீகம் அதன் கலைமதிப்பைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை என்பது அவர் வாதம். அடுத்த வருஷமே பூத் பதில் எழுதினார். முதல் பாதியில் போஸ்னர் சொல்வது உண்மைதான், நம் ஊர் இலக்கியவாதிகளைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சாட்சியம் தேவையில்லை. ஆனால் சகவாசத்தால் எல்லாரும் ஒரே மாதிரி கெடுவதில்லை, ஒரே மாதிரி திருந்துவதில்லை என்பதிலிருந்து சகவாசத்துக்கு விளைவே இல்லை என்று எப்படிப் பெறமுடியும் என்று எனக்கு விளங்கவில்லை. கதைக்கு விளைவே கிடையாது என்றால் என் நண்பருக்கு வாசலில் ஏன் கால் வலிக்கவேண்டும்?

கடைசிக் காலத்தில் பூத் வேறு திசைகளிலும் போனார். முப்பத்தொரு வயதில் செல்லோ வாசிக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தவர். ஒருநாளும் நன்றாக வாசிக்க வராது என்று தெரிந்தே அரை நூற்றாண்டு விடாமல் வாசித்தார். அதைப்பற்றி 1999-ல் ஒரு புத்தகமே எழுதினார். சாமர்த்தியம் வராத காரியத்தை ஆசைக்காகச் செய்வதன் கௌரவம் அதன் பொருள். அவருடைய கோட்பாட்டு நூல்களைவிட அதைச் சிலர் அதிகமாக விரும்புகிறார்கள். எனக்குக் கொஞ்சம் நீளம்.

2005-ல், இறந்த வருஷம், அவர் மாணவர் ஜேம்ஸ் ஃபெலனும் பீட்டர் ரபினோவிட்ஸும் தொகுத்த நூலில் உட்கிடை ஆசிரியனைப் பற்றித் திரும்பவும் ஒரு கட்டுரை எழுதினார். அந்த நடு ஆள் செத்துவிட்டான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த சமயம். அதில் ஸால் பெல்லோவோடு நடந்த ஒரு பேச்சு வருகிறது. ‘ஹெர்ஸாக்’ நாவலைத் தினமும் நாலு மணிநேரம் திருத்திக்கொண்டிருப்பதாக பெல்லோ சொன்னாராம். அப்படி என்னதான் திருத்துகிறீர்கள் என்று கேட்டதற்கு, என்னில் எனக்குப் பிடிக்காத பகுதிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்ற அர்த்தத்தில் பதில் வந்தது. ராபர்ட் ஃப்ராஸ்ட், சில்வியா ப்ளாத் இருவரின் கவிதைகளையும் எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முடியாத ஒரு மனிதராகக் கவிதைக்குள் அவர்கள் தங்களை ஆக்கிக்கொண்டதை பூத் விவரிக்கிறார். ஃப்ராஸ்டின் வாழ்க்கைச் சரித்திரத்தைப் படித்துவிட்டுக் கவிதையைப் பொய் என்று சொல்கிறவர்களுக்கு அவர் பதில்: துடைத்தெடுத்தது குறைந்தபட்சம் அந்தக் காகிதத்திலாவது நிஜம்.

பூத் அந்த வருஷம் அக்டோபர் 10-ஆம் தேதி சிகாகோவில் இறந்தார். வயது 84. அடுத்த ஆண்டு வந்த சுயசரிதையின் தலைப்பில் தன்னைப் ‘பல நான்கள்’ என்று பன்மையில் குறிப்பிட்டுக்கொள்கிறார். விசுவாசியும் சந்தேகியும், பதவியிலும் புகழிலும் சபலமுள்ளவனும் அதைப் பார்த்து வெட்கப்படுகிறவனும் என்று உள்ளே இருப்பவர்களை ஒருவரோடு ஒருவர் சண்டைபோடவிட்டு, நம்பக்கூடிய அளவுக்காவது ஒரு சமாதானம் கிடைக்குமா என்று பார்க்கிறார். நண்பருக்கு நான் முதலில் கொடுத்த பூத் புத்தகம் மோஸஸ் வரும் அந்தப் பெரிய நூல். முதல் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக்கொடுத்தார். அந்த ஆள் இருபத்தைந்து வருஷம் யோசிச்சார் சரி, அந்தக் கூட்டம் முடிஞ்சு மோஸஸ் எப்படி வீட்டுக்குப் போனார்னு எழுதியிருக்காரா என்று கேட்டார். எழுதவில்லை என்றேன்.